படகு வரிசையில் நின்றவர்கள்

ஊடகத் தத்துவம், பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் ஒரு திங்கட்கிழமை காலை மழை பெய்தது. மூன்றாம் மாடியில் பெய்யவில்லை, தெருவில் நல்ல வெயில். திரையிடும் அறைக்குள் மட்டும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பழைய வானிலைச் செய்திக் கேசட் ஒன்றை ஓடவிட்டு, ஓர் ஆய்வு மாணவி அதில் பெய்த மழையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். கேசட்டை ரீவைண்ட் செய்ததும் தண்ணீர் வற்றி, நனைந்த செருப்பும் காய்ந்து, அறை பழையபடி ஆனது.

அந்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் என்று பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்வார்கள். என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பல் மருத்துவர்கள் அதற்கு 'டிவி வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து டிவி பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று அவர்களுக்கு ஒரே வயிற்றெரிச்சல். சும்மா சொல்லக்கூடாது, உள்ளே இருந்தவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள். பழைய செய்திகள், விளம்பரங்கள், திறப்பு விழாக்கள் என்று அறை அறையாகக் கேசட் இருந்தது. அவற்றைப் பார்த்துப் பார்த்து, பார்ப்பது என்றால் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எதையும் முதலில் கூடிப் பேசி வரையறுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வரையறுக்காமல் டீ கூடக் குடிக்க மாட்டார்கள் என்று கேன்டீன்காரர் சொல்வார். நிறுவனத் தலைவருக்கே 'வரையறை சார்' என்றுதான் பெயர். மழை பெய்த அன்றும் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, தண்ணீரில் நின்றுகொண்டே, இது மழையா மழையின் படமா என்று மதியச் சாப்பாடுவரை பேசினார்கள்.

மழைக்குப் பிறகு அந்த அறையில் ஆரஞ்சுப் பழங்கள் வந்தன, ஒரு நாய் வந்தது, ஒரு பிரமுகரின் மூக்குக்கண்ணாடி மட்டும் வந்தது. பார்க்கிறவர் எதை மனம் ஒன்றிப் பார்க்கிறாரோ அது திரையிலிருந்து இறங்கிவிடும். ரீவைண்ட் செய்தால் திரும்பிப் போய்விடும். இவ்வளவுதான் விஷயம் என்று சீக்கிரமே எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. ஆரஞ்சைத் தின்ற ஒருவருக்கு மாலையில் ரீவைண்ட் ஆனதும் மறுபடி பசித்தது. மனிதர்கள் மட்டும் யாரும் வரவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த நிறுவனத்தில் திரையில் தெரியும் மனிதரை யாரும் பார்த்ததில்லை, கேமரா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள்.

இந்தக் காலத்தில் அங்கே மூத்த பேராசிரியையாக இருந்தவரை மாணவர்கள் 'நகலம்மா' என்று அழைத்தார்கள். படத்தில் தெரிபவர் யாருமே இல்லை, அது வெறும் வெளிச்சம், அதற்கும் கேமரா முன்னால் நின்ற ஆளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவர் எழுதிய புத்தகம் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. தலை முழுக்க நரை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கறாரான ஆள். வெளியே வருவது எதுவாக இருந்தாலும் சாயங்காலம் நிறுவனத்தைப் பூட்டுவதற்குள் ரீவைண்ட் செய்து திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற விதியை எழுதியவரும் அவரேதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. 'அடிக்குறிப்பு' என்று பெயரெடுத்த இளம் பேராசிரியர் ஒருவர், எதைச் சொன்னாலும் ஓரமாக இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறவர், அந்த நாயைச் சனி ஞாயிறு தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். கேசட்டிலோ ஒரு மனிதர் வெறும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போனார். பதிவு என்பது எல்லோருக்கும் சொந்தம், ஒருவர் ஆசைக்காக அதில் ஓட்டை விழக்கூடாது என்று நகலம்மா கூட்டத்தில் குரலை உயர்த்தினார். ரீவைண்ட் பட்டனை அவரே அழுத்தினார். அடிக்குறிப்பின் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்த நாய் கிண்ணத்தருகிலேயே காணாமல் போக, அவர் குழந்தைகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதிலிருந்து அடிக்குறிப்பு அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

நகலம்மா ஒருபோதும் கையால் தொடாத கேசட் ஒன்று மூன்றாம் அறையில் இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன்பு ஆற்றில் புதிதாக விட்ட பயணிகள் படகின் துவக்க விழா அது. பேண்டு வாசிக்கிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள், ஜனங்கள் வரிசையில் நின்று ஏறுகிறார்கள், படகு கிளம்புகிறது. படம் அங்கே முடிந்துவிடும். நடு ஆற்றில் அது கவிழ்ந்ததைப் படம்பிடிக்கக் கேமராக்காரர் இல்லை. ஏறியவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வரிசையில் நின்ற இளைஞர்களில் ஒருவன் நகலம்மாவின் அண்ணன். அன்று ராத்திரிச் செய்தியில் அண்ணன் கேமராவைத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டியதை அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நகலம்மா பார்த்தார். அடுத்த நாளும் காட்டினார்கள், அடுத்த வாரமும் காட்டினார்கள். படத்தில் இருப்பது யாருமில்லை என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். அப்படி யோசித்திருக்காவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும், பாவம்.

திறப்பு விழாப் படங்களைப் பற்றி ஆய்வு செய்த மாணவன் ஒருவன் தன் வாய்மொழித் தேர்வில் இந்தக் கேசட்டையே போட்டுவிட்டான். தேர்வாளர் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த நகலம்மாவால் எழுந்து போக முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மாணவனின் சட்டைப் பையைப் பார்த்தார். பேண்டு சத்தம் வந்ததும் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அண்ணன் பல்லைக் காட்டினான். அடுத்த நொடி மேஜைக்கும் திரைக்கும் நடுவே நின்றான், அப்பாவின் வெள்ளைச் சட்டையில், ஆற்றங்கரைச் சேறு படிந்த காலோடு. மாணவன் பதறிப்போய்க் கைக்கு அகப்பட்ட பட்டனை அழுத்த, அது படத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனாக இருந்தது. படகு, வரிசை, பேண்டுக்காரர்கள் எல்லாம் திரையில் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றன.

"சார், போட் கிளம்பிடுச்சா?" என்று அவன் எல்லோரையும் பார்த்துக் கேட்டான். "அக்கரையில பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ சார்."

நகலம்மா எழுந்தார். "அண்ணா" என்றார்.

"என்ன மேடம், என்னைப் போயி அண்ணாங்கறீங்க? எங்கம்மா வயசு இருக்கும் உங்களுக்கு" என்று அவன் சிரித்தான்.

"நான்தாண்ணா, பாப்பா. அப்பாவைக் கேக்காம அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்ட. கைப் பட்டன் இல்லைன்னு நான்தான காலைல ஊக்கு குத்திவிட்டேன்?"

அவன் தன் மணிக்கட்டில் இருந்த ஊக்கைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடி ஊக்கைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "என்ன பாப்பா, இப்படிக் கிழவியாயிட்ட?" என்றான். கறார் பேராசிரியை, தேர்வுக்கு வந்த மாணவன் முன்னால், வாய்விட்டு அழுதார்.

அன்று நிறுவனத்தைப் பூட்டுவதற்குள் அவனை ரீவைண்ட் செய்ய வேண்டும். செய்தால் அவன் போய் நிற்கப் போவது அந்தப் படகு வரிசையில். இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் அந்த நிறுவனத்தார் என்ன செய்தார்கள் என்றால், வழக்கம்போலக் கூட்டம் போட்டார்கள். வெளியே பெஞ்சில் அண்ணன் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டு போட்டுக்கு நேரமாகிறதே என்று தவிக்க, உள்ளே அவன் ஆளா, பதிவா, பதிவின் எச்சமா என்று பேசினார்கள். நல்ல மனிதர்கள்தான், வேறு மாதிரிப் பேச அவர்களுக்குத் தெரியாது. படத்தில் இருப்பவர் யாருமில்லை என்பதற்கு ஆளுக்கொரு மேற்கோளாக நகலம்மாவின் புத்தகத்திலிருந்தே எடுத்து வைத்தார்கள். வரையறை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "விதியும் உங்களுது, புத்தகமும் உங்களுதும்மா. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

"புத்தகம் தப்பு" என்றார் நகலம்மா. "முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தப்பு. அழுதுகிட்டே எழுதினது, அதான் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. வெளியே உக்காந்திருக்கறது எங்கண்ணன். யாராவது அந்தப் பட்டன்ல கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

வரையறை சார் தன் பேனா மூடியைத் திருகியபடியே, சரி, உங்கள் அண்ணன் இருக்கட்டும், ஆனால் அந்த வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கும் வீடு வாசல் இருக்குமே, அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நகலம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நேரமும் அந்த வரிசையில் தன் அண்ணனைத் தவிர வேறு ஒரு முகத்தையும் அவர் நினைக்கவில்லை. அவர்களை வெளியே விட்டால் அந்தக் கேசட்டில் ஒன்றுமே மிஞ்சாது. பதிவிலிருந்து ஒரு துளிகூட வெளியே நிற்கக்கூடாது என்று சண்டை போட்டவர் அவர். தலையைக் குனிந்துகொண்டார். அப்போது, நாய் போனதிலிருந்து அவரிடம் பேசாத அடிக்குறிப்பு, தொண்டையைச் செருமினார். "எல்லாரையும் வரச் சொல்லிடலாமே. அப்புறம் ஓரமா இன்னொன்னு சொல்லிக்கறேன், கரண்ட் போச்சுன்னா பாஸ் நிக்காது. எங்க வீட்டு இன்வெர்ட்டரைத் தூக்கிட்டு வரேன்."

அந்த நிறுவனத்தின் சரித்திரத்தில் வரையறுக்காமல் செய்த முதல் காரியம் அதுதான். ஆராய்ச்சி மாணவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய், ஆற்றின் இரு கரைகளிலும் வீடு வீடாகத் தேடிச் சொன்னார்கள். பாதிப் பேர் துரத்திவிட்டார்கள், ஒரு வீட்டில் தண்ணீரை முகத்திலேயே ஊற்றினார்கள். ஆனாலும் மறுநாளே வந்தார்கள். பல் மருத்துவக் கல்லூரி வாசல்வரை கூட்டம். மனைவிகள் கிழவிகளாக வந்தார்கள். அப்பாவைப் பார்த்தறியாத பிள்ளைகள் அப்பாவைவிட மூத்தவர்களாக, வழுக்கையும் தொந்தியுமாக வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் நடுங்கும் படத்தில் தங்கள் ஆளைத் தேடிப் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மாடியிறங்கினார்கள். சில கணவன்மார் மனைவியை அடையாளம் தெரியாமல் முழித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பாஸ் தாங்காத அந்தப் பழைய பிளேயர் அத்தனை நாளும் தாங்கியது. இன்வெர்ட்டர் பக்கத்திலேயே அடிக்குறிப்பு பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். பலூன்காரர் ஒருவருக்கு உறவென்று யாருமில்லை. வரையறை சாரே போய் நின்று அவரை மனம் ஒன்றிப் பார்த்தார். வந்தவர் முதல் வேலையாக அவரிடம் ஒரு பலூனை விற்றார்.

கடைசியில் படகோட்டி மட்டும் மிச்சம். அளவுக்கு மீறி ஆளை ஏற்றியவன் அவன்தான் என்று நாற்பது வருடமாக இரு கரையிலும் அவனைச் சபிக்காத வாய் இல்லை. அவன் வீட்டார் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவனுக்காக யாரும் வரவில்லை. பிளேயரோ சூடாகிப் புகைந்துகொண்டிருந்தது. நகலம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு திரையின் முன் நின்று பார்த்தார்; வெறுப்போடு பார்த்ததில் அவன் அசையக்கூட இல்லை. மறுபடி முயன்றார், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தங்கையைத் தேடிக்கொண்டு வந்த அண்ணனுக்குப் படகு கவிழ்ந்த கதையை இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் திரையை எட்டிப் பார்த்தான். "ஐயோ பாவம், எல்லாரும் இறங்கிட்டாங்க, அந்த ஆளு மட்டும் தனியா நிக்கறாரே" என்றான். படகோட்டி ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அறைக்குள் நின்றார். நகலம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மாணவன் பாஸை எடுத்துவிட்டான். பேண்டு வாசித்தது, ரிப்பன் காற்றில் ஆடியது, படகு கரையிலேயே கட்டிக் கிடந்தது. படம் முடிந்ததும் பிளேயர் அணைந்துவிட்டது. கேசட்டை யாரும் அதிலிருந்து எடுக்கவில்லை. நூலகத்துப் பழைய செய்தித்தாள்களில் விபத்துச் செய்தி அப்படியே இருக்கிறது, அதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரீவைண்ட் விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் நாய் அடிக்குறிப்பின் வீட்டில் இருந்தது. படத்தில் இருப்பவர் யார் என்று நகலம்மா இரண்டாவது புத்தகம் எழுதினார். முதல் புத்தகத்தில் பாதிகூட அது விற்கவில்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட கம்பெனி எப்போதோ மூடியிருந்ததால் அண்ணன் பல்கலைக்கழகப் பேருந்தில் டிரைவராகச் சேர்ந்தான். வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று தங்கையைத் திட்டினான், அப்பாவின் சட்டையைப் பீரோவில் மடித்து வைத்தான், கல்யாணம் செய்துகொண்டான். அண்ணி தன் நாத்தனாரை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, அவன் அதட்டியதும் மாற்றிக்கொண்டாள்.

வருடங்கள் போயின. நகலம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கதவுவரை கொண்டுபோனபோது, கூட வந்தவர் என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள். அண்ணனுக்கு அப்போதுதான் காதோரம் முதல் நரை எட்டிப் பார்த்திருந்தது.

"அண்ணன்" என்றான்.

நர்ஸ் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். "படகு வரிசையா? எங்க பெரியப்பாவும்தான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவரு, ஒரு வேலை சொல்ல விடமாட்டாரு" என்றபடி கதவைத் திறந்தாள்.

"பயமா இருக்குண்ணா" என்றார் நகலம்மா.

"நான் எங்கயும் போகல பாப்பா. இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்றான். அவர் வெளியே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.