ரோமம் முளைத்த நற்செய்தி

அந்தக் குளிர்காலத்தில், ஆட்டுத்தோலில் எழுதிய மடத்து நற்செய்தி நூலின் மூன்றாம் ஏட்டில் ஆட்டு ரோமம் முளைத்தது. வெள்ளை ரோமம், விரல்நீளம். இயேசுவின் வம்ச வரிசையைப் படித்துக்கொண்டு வந்த துறவி, அடுத்த பெயரை ரோமம் மறைத்ததால், யோசியா என்ற பெயரோடு நிறுத்திவிட்டார். கப்பதோக்கியாவில் பாறையைக் குடைந்து உண்டாக்கிய மடம் அது. ஒதுங்கிப் பேச இடமே கிடையாது. ஆனாலும் அன்று முதல் எல்லோரும் ஒதுங்கித்தான் பேசினார்கள்.

சந்தேகம் நேராக முதிய துறவி தியோக்திஸ்தோஸின் தலையில் விழுந்தது. நூலுக்கான தோலைச் சுரண்டிப் பதப்படுத்தியவர் அவர்தான். "அரைகுறையா சுரண்டினா இப்படித்தான்," என்றார்கள் சிலர். "சுரண்டலாவது! இது சூனியம்," என்றார்கள் மற்றவர்கள். பாவம் மனுஷன், நுரைக்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழித்தார். காலையில் பார்த்தால் திரும்பவும் முளைத்திருக்கும். மடாதிபதி நிக்கோன் கூப்பிட்டுச் சொன்னார்: "உயிர்ப்புத் திருநாளுக்குள்ள இது அடங்கணும். இல்லன்னா அங்கியைக் கழட்டி வச்சுட்டு நீ கிளம்பலாம்." அந்த வயதில் எங்கே போவது? ஏதோ பாவம் செய்துவிட்டு மறந்துபோனோமோ என்று தியோக்திஸ்தோஸ் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கினார்.

ஞாயிறு காலையில் மடத்துக் கோயிலில் நூலை எடுத்துப் பீடத்தில் வைத்தால் ஊரே வரிசையில் நின்று அட்டையை முத்தமிடும். அடுத்த ஞாயிறு அட்டைக்கு வெளியே ரோமம் எட்டிப் பார்த்தது. இடைச்சி கலே, புருஷனை இழந்தவள், முத்தமிடக் குனிந்தவள் மோந்து பார்த்தாள். நாக்கை மடக்கி, ஆடுகளைக் கூப்பிடுவதுபோல "ட்ர்ர்ர்" என்றாள்.

நற்செய்தி நூல் "மே" என்றது.

"ஐயோ, என் வெள்ளச்சி!" கலே நூலைக் கட்டிக்கொண்டாள். பிறகு, மடத்து மந்தையைப் பார்த்துக்கொள்ளும் கெராசிமோஸ் பக்கம் திரும்பினாள். "மடத்து மேய்ச்சல்ல விட்ட ஆட்டை ஓநாய் தின்னுடுச்சுன்னீங்களே சாமி! அந்த ஓநாய் தோலை மட்டும் பதமா உரிச்சுக் குடுத்துட்டுப் போச்சாக்கும்?"

கெராசிமோஸ் கூரையைப் பார்த்தார்.

"நூல்மேல கைவச்சுச் சத்தியம் பண்ணு," என்றார் மடாதிபதி. கெராசிமோஸ் கையை நீட்டினார். நூல் பீடத்தில் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. இன்னும் நீட்டினார், இன்னும் நகர்ந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

நற்செய்தியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்தவள் ஆட்டை வைத்துக்கொள்வதும் நியாயமில்லை. ஆகவே வசந்தம் வந்தால் கலே கத்தரியோடு மடத்துக்கு வருகிறாள். தியோக்திஸ்தோஸ் நூலை மடியில் பிடித்துக்கொள்கிறார். ரோமம் அவளுக்கு, கத்தரித்தபின் வம்ச வரிசை யோசியாவைத் தாண்டிப் போகிறது. முதல் ரோமத்தில் அவள் பின்னித் தந்த காலுறையைத் தியோக்திஸ்தோஸ் இன்னும் போட்டுக்கொள்கிறார். ஞாயிறுகளில் முத்தமிடும் வரிசையில் கெராசிமோஸ் கடைசியாக வருவார். அவர் குனிந்தால் நூல் பின்வாங்கும். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பீடத்தின் பின்விளிம்பில் தியோக்திஸ்தோஸ் ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறார்.