மூன்றாம் மனிதர் முன்னால்

டிரில் மாஸ்டரின் நடை கெட்டுப்போனதை முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய செருப்பு. எல்லோருக்கும் குதிகால் பக்கம் தேயும். இவருக்கு முன்பக்கம் தேய்ந்தது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தால் வேறு எப்படித் தேயும்? கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு ஜோடி வாங்கினார். அதுவும் அப்படியே தேய்ந்தது. பிறகு பழி முழங்காலுக்குப் போனது. முழங்கால் பாவம், ஒரு வருஷம் தைலத்தையும் பட்டையையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டது. அதுவும் இல்லை என்று ஆனபோது பழி வயதின் மேல் விழுந்தது. வயது எதிர்த்துப் பேசாது என்பதால் எல்லோரும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் மனைவியைத் தெருவில் மாஸ்டரம்மா என்பார்கள். அவளும் ஓய்வு பெறும்வரை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவள்தான். ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஊரையே எழுப்பியவரின் மனைவிக்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு என்று தெரு முடிவு செய்துவிட்டது. அவள்தான் தினமும் அந்த நடையைப் பார்த்தாள். எழுந்து நின்றால் முதல் அடி கிளம்பாது, பாதத்தைப் பசை போட்டு ஒட்டினாற்போல் நிற்பார். கிளம்பினால் சின்னச் சின்ன அடியாகப் போவார். திரும்ப வேண்டுமென்றால் பெரிய லாரியைச் சந்துக்குள் திருப்புகிற பாடுதான். குளியலறை நிலைப்படியில் வந்து அப்படியே நின்றுவிடுவார். அவள் தன் பாதத்தை அவர் பாதத்துக்குக் குறுக்கே நீட்டி, "இதைத் தாண்டுங்க" என்பாள். சில நாள் தாண்டுவார். சில நாள் தாண்டுவதற்குள் கால்சட்டை நனைந்துவிடும். அவள் தரை விரிப்புகளைச் சுருட்டிப் பரணில் போட்டாள், சுவரில் கைப்பிடி அடிக்கச் சொன்னாள், நாற்காலிக்கு அடியில் கட்டை வைத்து உயரமாக்கினாள். விழாமல் இருந்தார், அவ்வளவுதான்.

நடுக்க நோயாக இருக்கும் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். வயிறு கெட்டதே தவிரக் கால் கிளம்பவில்லை. அடுத்த டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"மூளைக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறும், ஊறினது வடியும். இவருக்கு ஊறுது, சரியா வடியல. தேங்கின தண்ணி காலுக்குச் சேதி போற வழியை அழுத்துது. மூத்திரம் அடங்காததும், பேச்சு பாதியில நின்னு போறதும் அதனாலதான்."

"சரியாகுமா டாக்டர்?" என்றாள் மாஸ்டரம்மா.

"ஆகலாம். தலையிலேர்ந்து வயித்துக்குச் சின்னதா ஒரு குழாய் வச்சு விட்டா, தண்ணி அது வழியா எறங்கிடும். ஆனா எல்லாருக்கும் பலன் தராது. அதனால மொதல்ல ஒரு சோதனை. நடக்கச் சொல்லிப் பார்ப்போம். முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுப்போம். திரும்பவும் நடக்கச் சொல்லிப் பார்ப்போம். முன்னைக்கு இப்ப நல்லா நடந்தா ஆபரேஷன். வித்தியாசம் இல்லன்னா வேண்டாம். தலையில கை வைக்கிற வேலை, சும்மா செய்ய மாட்டேன்."

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். மாஸ்டர் காதில் விழுந்தது 'சோதனை', 'நடக்கச் சொல்லிப் பார்ப்போம்' ஆகிய இரண்டும்தான். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை நடக்கவிட்டு மதிப்பெண் போட்டவர் அவர். தன்னை நடக்கவிட்டு ஒருவர் மதிப்பெண் போடுவதா? அதில் தோற்பதா? அன்றைக்கே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். வாய்க்குள் "லெஃப்ட், ரைட்" என்று சொல்லிக்கொண்டு, அணிவகுப்பில் தூக்குவதுபோல் முழங்காலைத் தூக்கினால் ஒட்டிய கால் கொஞ்ச தூரம் கிளம்புகிறது என்று கண்டுபிடித்தார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் அது வேலை செய்தது. அதற்குள் முகமெல்லாம் வியர்த்து, ஓர் அரை நாள் படுத்துக் கிடப்பார்.

இதில் இருந்த வினை மாஸ்டரம்மாவுக்கும் உறைக்கவில்லை. ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிப்பவள், வீட்டில் கண்ணெதிரே நடந்த தப்பைக் கோட்டைவிட்டாள். அதுமட்டுமா, சோதனை நாளுக்கென்று அவருடைய பழைய வெள்ளைக் கால்சட்டையைத் தேய்த்து மடித்தும் வைத்தாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தரையில் நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒரு நாற்காலி. பிசியோதெரபிஸ்ட் சின்ன வயதுப் பெண், கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தாள்.

"உங்க வழக்கப்படி நடங்க சார், அவசரமே இல்ல."

மாஸ்டர் எழுந்தார். உதடு மெல்ல அசைந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. முழங்கால் உயர்ந்தது. அந்தக் கோடிக்குப் போய், விறைப்பாகத் திரும்பி, வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்குவதை மட்டும் இருமலாக்கி மறைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர் கை தட்டினார்.

"ரொம்ப நல்லா நடக்கறீங்களே! வீட்டுலயும் இப்படித்தானா?"

"இப்படித்தான்" என்றார் மாஸ்டர்.

பெண் லேசில் விடுகிற ஆள் இல்லை. மாஸ்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா? சில பேர் எங்க முன்னாடி மட்டும் நல்லா நடந்து காட்டுவாங்க. அதான் கேக்கறேன்."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புருஷன் பெண்டாட்டி வீட்டுக்குள் எலியும் பூனையும்தான். ஆனால் மூன்றாம் மனிதர் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததே கிடையாது. ஒரு தடவை விருந்தாளிகளிடம் மாஸ்டர், தினமும் காலைத் தேநீர் தன் கையால்தான் என்று அளந்தார். அவர் அடுப்பைப் பற்றவைத்தே பார்த்திராத மாஸ்டரம்மா, "அவர் போட்டாத்தான் எனக்கு எறங்கும்" என்றாள். அவள் கோட்டைவிட்ட ஓர் அச்சுப் பிழைக்காக முதலாளி வீடு தேடி வந்தபோது, எழுத்து வாடையே தெரியாத மாஸ்டர் அதுதான் சரி என்று ஒரு மணி நேரம் வாதாடி அவரைத் துரத்தினார். காதல் என்று அவர்கள் அதைச் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அதற்கு அதுதான் உருவம்.

"இப்படித்தாம்மா" என்றாள் மாஸ்டரம்மா. "கொஞ்சம் நிதானமா நடப்பார், அவ்வளவுதான்." யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

பெண் எழுதிக்கொண்டாள். "அப்ப நடை நல்லாவே இருக்கு. இதுக்கு மேல தேறினாலும் தண்ணி எடுத்த பிறகு வித்தியாசம் தெரியறது கஷ்டம்தான். பார்ப்போம், நர்ஸ் கூப்பிடுவாங்க."

மாஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் முழுக் கணக்கும் புரிந்தது. இவர் இன்றைக்கு நன்றாக நடந்தால் நாளைக்கு வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லையென்றால் நிலைப்படி, அப்புறம் சக்கர நாற்காலி, அப்புறம் படுக்கை. இவர் சோதனையில் தேறிவிட்டதாக நினைத்துத் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நான் உண்மையைச் சொல்லிடறேங்க" என்றாள் அவரிடம் மெதுவாக.

"என்ன உண்மை?"

"வீட்டுல எப்படி நடக்கறீங்கன்னு."

"சொன்னேன்னு வச்சுக்கோ, இப்பவே எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்."

எப்படிப் போவீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாத. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். பிசியோதெரபிஸ்ட் பெண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"நான் சொன்னது பொய்மா. வீட்டுல அவருக்குக் கால் ஒட்டிக்குது. பாத்ரூம் போறதுக்குள்ள நனைச்சுக்கறார். இங்க மனசுக்குள்ள லெஃப்ட் ரைட் போட்டு நடக்கறார்."

பெண் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும் சந்தேகமா இருந்துச்சு. ஆனா நான் கண்ணால பார்த்தாத்தான் எழுத முடியும். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தா கவனம் அங்க போயிடும், கால் உள்ளபடி நடக்கும். நான் பேச்சுக் கொடுத்தா உஷாராயிடுவார்."

"நான் கொடுக்கறேன்" என்றாள் மாஸ்டரம்மா.

கடிகாரம் சரியாக ஓடவில்லை, இன்னொரு தடவை நடக்க வேண்டும் என்று பெண் அவரை அழைத்து வந்தாள். மாஸ்டருக்குச் சந்தோஷம்தான். உதடு அசைந்தது, முழங்கால் உயர்ந்தது. பெண் அவர் இடுப்பு பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே கை வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி தூரம் போனதும் பின்னாலிருந்து மாஸ்டரம்மா கூப்பிட்டாள்.

"என்னங்க, காலையில கேஸ் அடுப்பை மூடினோமா?"

"கேஸா?" என்றார். யோசித்தார். உதடு நின்றது. அத்துடன் காலும் நின்றது. உடம்பு மட்டும் முன்னே போயிற்று, பெண் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவர் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பாதம் வரவில்லை. சரி, திரும்பிவிடலாம் என்று திரும்பப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளைக் கால்சட்டையில் ஈரம் இறங்கியது. கை தட்டிய நோயாளி தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டர் கழுத்தை மட்டும் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேஸை மூடியது அவள்தான் என்பதும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதும் உட்பட. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. விழவில்லை. பெண் எழுதி முடிக்கும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். குழாயடித் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. அன்று முழுவதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரொட்டி கொடுத்தாள், வாங்கவில்லை. அதையே நர்ஸ் கொடுத்தபோது வாங்கிச் சாப்பிட்டார். "கேஸை மூடிட்டேன்" என்றாள் ஒரு தடவை. அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நடைபாதையில் அதே பட்டை, அதே நாற்காலிகள். எழுந்தபோது முதல் அடி உடனே கிளம்பிவிட்டதை மாஸ்டரம்மா பார்த்தாள். ஆனால் நேற்றும்தான் கிளம்பியது.

"நேத்து மாதிரியே சார். நடக்கும்போது அம்மா ஏதாவது கேப்பாங்க, நீங்க பேசிக்கிட்டே நடக்கணும்" என்றாள் பெண்.

மாஸ்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"கேள்வியா? இவ கேள்விக்கு நான் பதில் வேற சொல்லணுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவளை நான் நாலு பேர் முன்னாடி விட்டுக்கொடுத்திருப்பேனா? கேளும்மா, நீயே கேளு! அந்த அச்சகத்துக்காரன் வந்தானே, அன்னைக்கு என்னால பேசாம இருந்திருக்க முடியாதா? கேஸாம் கேஸு! என் உயிரே போற இடத்துல இவளுக்கு கேஸு ஞாபகம் வருது. கல்லு நெஞ்சுக்காரி. கல்லாவது சும்மா கிடக்கும்."

குரல் நடைபாதை முழுவதும் எதிரொலித்தது. அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாம் மனிதர்கள் ஒரு கூட்டமே இருந்தது. அவர் ஒரு கையை ஓங்கி ஓங்கிப் பேசிக்கொண்டே போனார். முழங்காலைத் தூக்கவில்லை, உதட்டுக்குள் எண்ணவில்லை. கால் அதன் பாட்டுக்குப் போனது. அந்தக் கோடி வந்ததும், திரும்புகிறோம் என்ற நினைவே இல்லாமல் திரும்பி, "இன்னும் கேளு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வந்து மனைவியின் எதிரே நின்றார். நின்ற பிறகுதான் கீழே குனிந்து காலைப் பார்த்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுவரை அவர் அவளை வெளியாள் முன்னால் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியது இப்போதுதான். மாஸ்டரம்மாவுக்கு அழுகை பொங்கியது. அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், ஒரு தடவையை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. இன்னொரு தடவை, இதே மாதிரி பேசிக்கிட்டே."

"பேச என்ன இருக்கு?" என்றார் மாஸ்டர். குரல் இறங்கிவிட்டிருந்தது. "திட்டி முடிச்சாச்சு."

"முடிஞ்சிடுச்சா?" மாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப உங்க அக்காவைப் பத்திச் சொல்லட்டுமா, இந்தப் பொண்ணுகிட்ட?"

"எங்க அக்காவை ஏன் இழுக்கற? அவ உனக்கு என்ன பண்ணினா? நீ பண்ணினதைச் சொல்லட்டுமா..." என்று கையை ஓங்கியவர், பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.