ஆமென் சொல்லாத ஜெபம்

அந்தக் கட்டட வேலையில் கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிறவரை எல்லாரும் ஆமென் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஒட்டிய பெயர். அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

கம்பிக் கட்டோ பலகைக் கட்டோ, பாரத்தில் எஃகு வடத்தைச் சுற்றிக் கொக்கியில் மாட்டுவார். கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையால் வடத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, மேல போறதும் பத்திரமா போகணும், கீழ இருக்கிறவங்களும் பத்திரமா இருக்கணும், ஆமென்" என்பார். அந்த ஆமென் காதில் விழுந்த பிறகுதான் கிரேனின் உச்சிக் கூண்டில் இருந்து அதை ஓட்டும் மாப்பிள்ளை பாரத்தைத் தூக்குவான்.

மாப்பிள்ளை அவர் மனைவியின் தம்பி. அவனுக்குச் சாமியும் கிடையாது, சபையும் கிடையாது. வந்த புதிதில் ஒருநாள் வாக்கியில் யாரோ யாருக்கோ சொன்ன "தூக்கு" கேட்டு, பாதி மாட்டிய பாரத்தைத் தூக்கிவிட்டான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அன்றே சொல்லிவிட்டான்: "மாமா, தூக்கு, இறக்கு, சரி எல்லாம் ஊரே சொல்லுது. ஆமென் நீங்க மட்டும்தான் சொல்றீங்க. இனிமே அது வந்தாதான் என் கை அசையும்."

இப்படித்தான் அந்த மனிதரின் ஜெபம் கிரேனுக்கு மணியடிக்கிற வேலையாகிப் போனது. கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறார் என்று சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். தலைக்கு மேலே பாரம் தொங்கும்போது கண்ணை மூடுகிறவன் பக்தன் இல்லை, பைத்தியக்காரன் என்று அவர் பதில் சொன்னார். அந்த மட்டில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

குழப்பத்தை உண்டாக்கியவள் மனைவி. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "நீங்க சொல்ற ஆமென் ஆண்டவருக்கா, என் தம்பிக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். அதுல என்ன?"

"அதுக்கு அர்த்தம் என்ன, தெரியுமா?"

"ஜெபம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். கையெழுத்துப் போடற மாதிரி. நீங்க இத்தனை வருஷமா படிச்சே பாக்காம போட்டுத் தள்ளியிருக்கீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. போடி வேலையைப் பார் என்றுவிட்டு எழுந்து போனார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எது நடந்தாலும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று போதகர் சொன்னபோது சபை முழுக்க ஆமென் என்றது. அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தும் வரவில்லை. விசுவாசம் தேய்ந்துபோகிறதோ என்று பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரத்தில்தான் வடம் பிரிந்தது.

காலை முதல் பாரம். கனமான கம்பிக் கட்டு, நாலாவது மாடிக்குப் போக வேண்டும். வடத்தைத் தடவியவரின் உள்ளங்கையில் ஊசி போலக் குத்தியது. குனிந்து பார்த்தார். எஃகுப் புரிகள் ஒரே இடத்தில் கொத்தாக அறுந்து, துடைப்பம் போல விரிந்திருந்தன. நேராக மேலே பார்த்தார். பாரம் போகும் வழிக்குக் கீழே இரண்டாவது மாடியில் கம்பி கட்டுகிறவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிமெண்ட் சட்டி சுமக்கும் கலவைக்காரியும் அங்கேதான் நின்றாள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நேத்தே பாத்தேன்" என்றார் மேஸ்திரி. "புது வடம் வர ரெண்டு நாள் ஆகும். நாளைக்குக் கான்கிரீட். கம்பி மேல போகாம என் தலையையா வச்சு ஊத்துறது?"

"இது தாங்காது மேஸ்திரி."

"இதுக்கு முன்னாடி தாங்கலையா? நீதான் ஜெபம் பண்ணித் தூக்குறவனாச்சே. இன்னிக்குக் கொஞ்சம் அழுத்திப் பண்ணு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமென் சிரிக்கவில்லை.

மேஸ்திரி குரலைத் தணித்தார். "இங்க பாரு. உன் சாமி மேல நம்பிக்கை இருந்தா தூக்கு. இல்லேன்னா நாள் முழுக்க ஆண்டவரே ஆண்டவரேன்னு எதுக்குய்யா எங்க காதைக் குத்துறே?"

இந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரே தன்னை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்பிக்கை எனக்கு இருக்கு மேஸ்திரி" என்றார். "வடத்துக்கு இல்ல."

"அப்போ வாக்கியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. வேற ஆள் மாட்டுவான்."

வேறு ஆள் மாட்டுவான். அதுதான் நிஜம். தான் ஒதுங்கினால் தன் கை சுத்தமாகும், பாரம் எப்படியும் மேலே போகும். வேலையும் போய், அந்தக் கலவைக்காரியின் தலைக்கு மேல் வடமும் தொங்கும். மேஸ்திரி கையை நீட்டினார். அவர் வாக்கியைக் கொடுக்கவில்லை. அதன் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தார்.

வாக்கியில் ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கிறவரை மற்றவர் குரல் ஏறாது. கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். மாடிக்கு மாடி, ஸ்டோரில், வாசல் காவலில், என்ஜினியர் அறையில் எல்லாம் அவர் குரல் கேட்டது.

"மேல போறது பத்திரமா போகணும். ஆனா போகாது ஆண்டவரே, ஏன்னா வடத்துல புரி அறுந்து கிடக்கு. நீர் பாக்குறீர். மேஸ்திரி நேத்தே பாத்துட்டார். நான் இன்னிக்குப் பாத்தேன். ரெண்டாவது மாடியில இருக்கிறவங்கதான் இன்னும் பாக்கல."

"ஏய், முடி" என்றார் மேஸ்திரி.

"கலவைக்காரி அக்காவுக்காக ஜெபிக்கிறேன். அவங்களுக்கு முட்டி வலி, அவசரத்துக்கு ஓட முடியாது. கம்பி கட்டுறவங்களுக்காக ஜெபிக்கிறேன், அதுல ஒருத்தன் போன மாசம்தான் கல்யாணம் முடிச்சான்."

நேரத்தைக் கடத்தத்தான் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வர வர, அது நிஜ ஜெபமாகிவிட்டது. இத்தனை காலம் கீழே இருக்கிறவர்கள் என்று ஒரே சொல்லில் மூட்டைகட்டி ஆண்டவரிடம் தள்ளிவிட்டிருந்தார். இப்போதுதான் ஆள் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினார். கண் திறந்தே இருந்தது; கன்னம் நனைந்திருந்தது.

"மேஸ்திரிக்காக ஜெபிக்கிறேன். அவர் கெட்டவர் இல்ல, பயந்தவர். யாருக்குப் பயப்படுறதுன்னுதான் அவருக்குத் தெரியல."

இரண்டாவது மாடி காலியாகிக்கொண்டிருந்தது. கலவைக்காரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். "நல்லாப் பண்ணுய்யா, விடாம பண்ணு" என்று அங்கிருந்தே கத்தினாள்.

மேஸ்திரி தொண்டை கிழிய மேலே பார்த்து, "ஆமென், ஆமென், தூக்குடா" என்று கூவினார், கையை ஆட்டினார். அந்த உயரத்துக்குச் சத்தம் எட்டாது. கை தெரியும். மாப்பிள்ளை கூண்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வானத்தை வேடிக்கை பார்த்தான்.

ஆமென் ஜெபித்துக்கொண்டே போய் வடத்தைக் கொக்கியிலிருந்து கழற்றினார், பாரத்தை விட்டு உருவினார். ஒரு கையால் இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டரின் காலடியில் போட்டார்.

"அறுத்துடு தம்பி. துண்டா இருந்தா எவனும் மாட்ட மாட்டான்."

வெல்டர் மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு முகமூடியை இறக்கினான். கேஸ் கட்டர் சீறியது, வடம் சிவந்து இரண்டாகப் போனது. அப்போதுதான் அவர் கட்டைவிரலை எடுத்தார். உடனே வாக்கியில் மாப்பிள்ளையின் குரல்: "மாமா, கிரேனை நிறுத்திட்டேன். அம்மாடி, உங்க ஜெபத்துல எனக்குக் காது மரத்துப் போச்சு."

மேஸ்திரியின் முகம் கறுத்திருந்தது. என்ஜினியர் அறைக் கதவு திறந்து யாரோ வேகமாக வருவது தெரிந்ததும் குரலை அடக்கிக்கொண்டார்.

"கம்பெனிப் பொருளை அறுத்துட்டே. நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலை வைக்காதே."

"வருவேன் மேஸ்திரி."

"கேட்டைச் சாத்திடுவேன்."

"சாத்துங்க. வெளிய நின்னு ஜெபிக்கிறேன். வாக்கி இல்லேன்னாலும் எனக்குக் குரல் இருக்கு."