தட்டில் ஏறிய கெட்டிமேளம்

சிவசைலம் நாங்குநேரியில் நாயனம் வாசித்தால் வண்ணார்பேட்டையில் பால் திரிந்துவிடும் என்று பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். பால் தயிராகத்தான் உறையும். அதுவும் நல்ல கெட்டித் தயிர்.

அப்பேர்ப்பட்டவருக்கு, மதார் தன் அரிசிக் கடையில் பாட்டுப்பெட்டி வாங்கி வைத்த நாள்முதல் சோறு இறங்கவில்லை. பெட்டிக்குள் கேட்டது யாரோ தஞ்சாவூர்க்காரர் நாயனம். தன் நாயனமும் இசைத்தட்டில் ஏறியாக வேண்டும் என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், 1911 சித்திரையில், தட்டுப் பதிக்கும் துரை பாளையங்கோட்டைக்கு வந்தார்.

கொண்டுவந்த மெழுகுத் தட்டுகளையெல்லாம் பாளையங்கோட்டை வெயில் குடித்துவிட்டது. மிஞ்சியது ஒன்று. வாசலில் நின்றதோ இரண்டு கட்சி: தவில்கார மைத்துனரோடு சிவசைலம், கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழலோடு மிஷன் பேண்டு இளவட்டம் நேசையா. சேர்ந்தே வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார் துரை.

சங்கராபரணம் என்று முடிவாயிற்று. நேசையாவின் ஞானப்பாட்டுக்கும் அது ஒத்துவந்தது. அவன் சுரம் எழுதிய தாளை விரித்தான்.

“வே, தாளை மூடும். சொந்த வீட்டுக்குப் போகவா வழி கேக்கீரு?” என்றார் சிவசைலம்.

“நீரு வழி கேக்காம விடிய விடிய ஒரே ராகத்துல சுத்துவீரு அண்ணாச்சி. தட்டு மூணு நிமிசந்தாம் ஓடும்.”

துரை முள்ளை வைத்தார். இனிப் பேச்சில்லை, சைகைதான். நேசையா படிப்படியாக ஏறினான். சிவசைலம் அதே படிகளில் வழுக்கி, வளைந்து, அவனுக்கு முன்னால் உச்சியில் போய் நின்றார். நேசையா தாளை மறந்து துரத்தினான். தவில் உருண்டது. சிவசைலத்துக்கு ரோமம் சிலிர்த்தது. பயல் விடமாட்டான் போலிருக்கிறதே!

முள் துள்ளியது. பதறிப்போன துரை, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

நாயனத்துக்கு முன்னால் விரலை ஆட்டினால் தாலி ஏறுகிறது என்று அர்த்தம். கெட்டிமேளம் பொழிந்தது. துரை இன்னும் வேகமாக ஆட்டினார்; இவர்கள் இன்னும் வேகமாகப் பொழிந்தார்கள். கல்யாணம் என்று கண்டுகொண்ட நேசையா, மணமக்கள் மிஷன் கோயில் படி இறங்கும்போது ஊதுவதை எடுத்து அதன்மேல் ஊதினான்.

முள் நின்றபோது தட்டில் விழுந்திருந்த சாலில் நாற்று நடலாம். தட்டு கெட்டது என்று துரை தலையில் கைவைத்தார். வேறு தட்டு இல்லாததால் அதையே அச்செடுக்கச் சீமைக்குக் கப்பலேற்றினார். சிவசைலத்துக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் தட்டு வந்தது. மதார் கடையில் ஊரே நெருக்கியடித்தது. முள் பட்டதும் நாயனமும் கார்னெட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பெட்டியிலிருந்து புறப்பட்டன. கெட்டிமேளம் கேட்டதுதான் தாமதம், கூட்டம் பழக்க தோஷத்தில் பக்கத்து மூடைகளிலிருந்து அரிசியை அள்ளிப் பெட்டிமேல் எறிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இருவரும் மாப்பிள்ளைகள் போல நனைந்தார்கள்.

நேசையா தலையிலிருந்த அரிசியைத் தட்டவில்லை. “அண்ணாச்சி, இன்னொருக்கா வைக்கச் சொல்லும்” என்றான்.

மதார் எல்லா மூடைகளின் வாயையும் கட்டிவிட்டு வந்துதான் முள்ளை வைத்தார்.