அப்பா காலி செய்த அறை

இரவில் ஒரு தடவைகூட எழாமல் தூங்குவது பிறவி மேதைமை. எங்கள் குடும்பத்தில் அது எனக்கு மட்டுமே வாய்த்தது.

அப்பா சலூன்காரர். இரவில் ஐந்து தடவை எழுவார். அம்மா விடியுமுன் பேக்கரியில் மாவு பிசையப் போகிறவள். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று அப்பா என் அறைக்குக் குடிபெயர்ந்து ஏழு மாதம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நடப்பார், சொந்த வீட்டிலேயே திருட வந்தவர் மாதிரி. திரும்பும்போது விலகிக் கிடக்கும் என் போர்வையை இழுத்துவிடுவார். நான் மேதைபோல் கண்ணை மூடியிருப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"போய்ப் பாருங்களேன்பா."

"முழிச்சுக்குவாடா. இது சரியாகட்டும், ஒரேயடியாப் போய்ப் படுத்துக்கறேன்."

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனார். அவர் மூன்று நாள் நோட்டு எழுதச் சொன்னார். எப்போது எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார். பாத்ரூமில் அளவுக் குவளையும் பென்சிலும் குடியேறின.

"மகாகாவியம் எத்தனாவது பாகம்பா?"

"சிரி, சிரி. உனக்கும் வயசாகும்."

சர்க்கரை, புராஸ்டேட் எல்லாம் சோதித்தாயிற்று, வில்லங்கமில்லை. நோட்டைப் புரட்டிய டாக்டரம்மா, "பகல்ல தண்ணியே காணோமே?" என்றார்.

"பாதி முகம் மழிச்ச ஆளை உக்கார வெச்சுட்டு எப்படிம்மா எழுந்து போறது?"

பகலெல்லாம் தொண்டை காய நின்றுவிட்டு, கடை மூடியதும் ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடிப்பாராம். போதாததற்கு, நின்று வீங்கிய காலில் தேங்கிய நீரும் படுத்ததும் கிளம்பி வருகிறதாம். டாக்டரம்மா தண்ணீரைப் பகலுக்கு மாற்றச் சொன்னார்; சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைக்கச் சொன்னார். அப்பா கடை பெஞ்சில் படுத்துச் சுவரில் காலைச் சாய்த்தார்.

"அண்ணே, இன்னைக்கு நான் உங்களுக்கு வெட்டணுமா?" என்றார் ஒரு வாடிக்கைக்காரர்.

ஒரு மாதத்தில் ஐந்து ஒன்றானது. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் அறை வாசலில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"வரலாமா?"

"உங்க பக்கம் நான் உருளக்கூட இல்ல," என்றாள் அம்மா. "அப்படியேதான் கிடக்கு. வந்து படுங்க."

இனி முழு அறையும் எனக்கே. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. போர்வை தரையில் கிடந்தது. எடுக்காமல் கொஞ்ச நேரம் காத்துக் கிடந்தேன். யாரும் வரவில்லை.

எழுந்து பாத்ரூமுக்கு நடந்தேன். அவர்கள் அறைக் கதவு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.