தெகோலிடம் ஒரு கேள்வி

செத்தவர்களில் ஒருவரைப் பார்த்துப் பேசலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், நான் என் அம்மாவைக்கூடக் கேட்க மாட்டேன். பிரான்சை ஆண்ட ஜெனரல் தெகோலைத்தான் கேட்பேன். காரைக்கால் கோவில்பத்தில் மீன் ஆய்கிற சலோமிக்கு அந்த நெட்டை மனிதரிடம் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். வேலை இருக்கிறது.

என் வீட்டுக்காரர் சூசைமுத்து ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அல்ஜீரியா பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, ஐம்பத்தெட்டில், தெகோல் அங்கே வந்து பேசிய கூட்டத்தில் இவர் காவலுக்கு நின்றார். தெகோல் இரண்டு கையையும் உயர்த்தி, ‘ழ வூ ஸே கொம்ப்ரி’ என்றாராம். உங்களைப் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம். அவ்வளவுதான், சனம் அழுது ஆர்ப்பரித்ததாம்.

“வெள்ளக்காரன்லாம் இந்த நாடு நமக்குத்தான்னு நெனச்சிக்கிட்டான். அராபிக்காரன் நமக்கும் சம உரிமைன்னு நெனச்சிக்கிட்டான்” என்பார்.

“நீங்க என்ன நெனச்சீங்க?”

“எனக்கு லீவு கெடச்சிரும்னு நெனச்சேன்.”

நாலு வருஷத்தில் அல்ஜீரியா தனி நாடாகிவிட்டது. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். தெகோலைத் துரோகி என்று திட்டினார்கள். எழுபதில் தெகோல் செத்த பிறகும் அவருக்குப் பரிந்து பேசுவதை இவர் விடவில்லை. “அந்த மனுசன் பொய் சொல்லல, சலோமி. புரிஞ்சுதுன்னாரு. சரின்னு சொல்லலியே!”

“ரெண்டும் ஒண்ணுதான், போங்க. பசப்புக்காரன்” என்று அடுப்படியிலிருந்து நான் வெடுக்கென்று சொல்வேன்.

எழுபத்தெட்டில் ஒருநாள் கொல்லைப்புறத்தில் கொடுவா மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒரே மகள் இசபெல்லா வந்து எதிரில் குந்தினாள். அப்பாவால் அவளுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. பாரிஸில் இருக்கிற அவள் அத்தை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

“இங்க ரெண்டு வருசமா சும்மாவே இருக்கேம்மா. அங்க போனா எனக்குன்னு ஒரு வேல இருக்கும். நீ என்ன சொல்றே?”

போகாதேடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால், நம் ஆசைக்காகப் பிள்ளையைக் கட்டிப்போடுவதா என்று வாய் அடைத்துக்கொண்டது. போய் வா என்றும் வரவில்லை.

“புரிஞ்சுதும்மா” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து, கீழே கிடந்த செதிளைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு “அப்ப சரி” என்று எழுந்து, அத்தைக்குக் கடிதம் எழுத உள்ளே போனாள். கொல்லை வாசற்படியில் நின்றிருந்த இவர் என்னைப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் தெகோல் மேல் இருந்த கோபம் எனக்குப் போனது. இல்லை என்று சொல்ல நெஞ்சு இல்லாமல், ஆகட்டும் என்று சொல்ல மனசும் இல்லாமல் நின்றாரோ என்னவோ, பாவம். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்: அந்தச் சனம் கை தட்டினபோது, ஐயா, உங்களுக்கு உள்ளே எப்படி இருந்தது? ராத்திரி சோறு இறங்கியதா? எனக்கு இறங்கவில்லை.

அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மாதம் ஒரு கடிதம் வரும். அவள் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன், பசை வாசனைதான் அடிக்கும். போன வாரம் வந்ததில், கடைசியில் இடம் போதாமல் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்:

“அம்மா, அன்னிக்கு நீ போகாதேன்னு சொல்லுவேன்னுதான் வந்து கேட்டேன். சொல்லியிருந்தா இருந்திருப்பேன்.”

இவரிடம் பேனாவை வாங்கி, ஒரு முழு ஏரோகிராமின் நடுவில் பெரிதாக எழுதினேன்: “வந்துடு.”

இவர் எட்டிப் பார்த்தார். “ஊர் விசேசம் ஒண்ணும் எழுதலியா?”

“வந்து பாத்துக்கட்டும்” என்றேன்.