இழைக்க மிச்சமில்லாத கதவு

கதவு இறுகுகிறது என்று மைத்துனன் ஆள் அனுப்பினால், கம்பெனி இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது என்று தச்சருக்குத் தெரிந்துவிடும்.

முதல்முறை கூப்பிட்டபோது மாடியில் நாலைந்து இயந்திரங்கள்தான். மனைவியின் தம்பி வாயாலேயே பந்தல் போடுகிறவன். "பேர் பதியணுமா, வெப்சைட் கட்டணுமா, அதை நெட்ல குடிவைக்கணுமா? எல்லாம் நம்மகிட்டயே. நீங்க வேற வாசப்படி மிதிக்க வேணாம்" என்று பேசிப்பேசியே கடைக்காரர்களைச் சேர்த்தான். அத்தனை பேருடைய வெப்சைட்டுகளும் அந்த மாடி இயந்திரங்களில்தான் குடியிருந்தன. கீழறையில் போனெடுத்துப் பதில் சொல்வது தச்சரின் மகள். அவளுக்கு வேலை கொடுத்த நன்றியில், கூலி வாங்காமல் அந்த அறைக் கதவின் தலையை இழைத்துக் கொடுத்தார். மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தார்.

அடுத்தமுறை கூப்பிட்டது நல்ல வெயிலில். மரம் ஊத வழியில்லை. மாடியில் பெரிய பேட்டரிகள் வரிசையாக ஏறியிருந்தன. அண்ணாந்து பார்த்தார். கதவு நிலையின் மேல்கட்டை சாப்பிட்ட வயிறு மாதிரி கீழே தள்ளிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. மகளுக்கு அந்த வாரம்தான் சம்பளம் கூட்டியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இழைத்தார்.

இன்று வந்தபோது மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மூடின கதவு திறக்கவே இல்லப்பா. உள்ள மாட்டிக்கிட்டேன். மாமாதான் வெளிய நின்னு உதைச்சாங்க."

தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்கு அது ஒன்றுதான் கதவு. ஜன்னலெல்லாம் கம்பி. இழைப்புளியை வைத்துப் பார்த்தார். கதவின் தலையில் இழைக்க மரமே மிச்சமில்லை. அவரே தின்று தீர்த்திருந்தார்.

"மாப்பிள்ளை, கோளாறு கதவுல இல்ல. மேல இருக்குற பாரத்த இறக்கு."

"இறக்கினா ஊர்ல பாதிக் கடை நெட்ல இருக்காது அத்தான். புது இடம் பாத்தாச்சு. இப்ப வர்ற சாமான மட்டும் ஏத்திட்டு, மொத்தமா மாத்திடலாம்."

"ஒடியப்போற கிளையில இன்னொரு ஊஞ்சல் கட்டுறியே!"

"உங்க கண்ணுக்கு எதுலயும் கரையான்தான் தெரியும்."

தச்சர் மகளிடம் திரும்பினார். "எந்திரிம்மா. வீட்டுக்குப் போலாம்."

"போன் அடிச்சுக்கிட்டே இருக்குப்பா. எது வந்தாலும் இந்த வேலைய விட்டுடாதன்னு சொன்னது யாரு? நீங்கதான?"

தச்சர் கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

"என்ன அத்தான் இது? கதவில்லாம ஆபீஸா? திருடன் உள்ள வந்தா?"

"திருடன் உள்ள வந்தா வரட்டும். என் மக வெளிய வரணும்."

வெளியே லாரி பின்னால் நகர்ந்து நின்றது. புது இயந்திரங்களை நாலுபேர் படியில் ஏற்றத் தொடங்கினார்கள். மேலே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் மேசைமேல் உதிர்ந்தது. மகள் அதை வாயால் ஊதிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

தச்சர் யாரையும் கேட்கவில்லை. போனோடு சேர்த்து மேசையைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தார். முற்றத்தில் உட்கார்ந்து பேசட்டுமே. மகள் ஒரு கையில் ரிசீவரும் மறுகையில் நாற்காலியுமாகக் கூடவே நகர்ந்தாள்.

போன் வயர் நிலைப்படி வரைதான் எட்டியது.

அவள் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தலைக்கு நேர்மேலே வளைந்த மேல்கட்டை.

"பயப்படாதீங்க சார்," என்றாள் போனில். "எல்லாம் எங்ககிட்ட ஒரே இடத்துல பத்திரமா இருக்கு."

தச்சர் இரண்டு கைகளையும் தூக்கிக் கட்டையைத் தாங்கினார். உள்ளங்கைக்குள் அது மெல்ல இறங்குவது தெரிந்தது.